எங்கள் வீட்டு 'கினஸ்தெடிக்'கும் எழும்பூர் மணலும்

போன மாதம் பையனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மூன்றாம் வகுப்பு. இங்கே வதோதராவில் இந்தக் கூட்டத்துக்குப் போவது என்றால் எனக்கு எப்போதும் ஆடிட் நாள் மாதிரிதான். வயிற்றில் ஏதோ ஓடும். மதிப்பெண்கள் சுமார். அது தெரிந்ததுதான். ஆனால் ஆசிரியை கூடவே இன்னொரு தாளையும் நீட்டினார். அதில் மூன்று கட்டங்கள்: கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், செய்து கற்பவர். மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக்.

"உங்க பையன் கினஸ்தெடிக் லேர்னர் சார். கவலைப்படாதீங்க, அவன் டைப் அப்படி" என்றார். நல்ல ஆசிரியை. நாற்பது பிள்ளைகளின் பெயரும் குணமும் அவருக்குத் தெரியும். பையனைக் குறை சொல்லாமல் எங்களைச் சமாதானப்படுத்தத்தான் அதைச் சொன்னார். நாங்களும் சமாதானமாகித்தான் வீடு திரும்பினோம்.

அன்று இரவு வழக்கம் போல, ஊரிலிருந்து வாங்கி வந்த ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்தேன். பையன் அதைத் திறக்கக்கூட இல்லை.

"அப்பா, நான் கினஸ்தெடிக். எனக்கு புக் படிச்சா வராது."

எட்டு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த 'டைப்' எங்கிருந்து வந்தது என்று அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன். பி.காம். படித்து வங்கிக்கு வந்தவன் நான், கல்வியாளன் இல்லை. ஆனாலும் ஒரு கணக்கு இடித்தால் பழைய லெட்ஜரைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. புரட்டியதில் கிடைத்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று கட்டம். கண், காது, கை என்று பிள்ளைகளைப் பிரிக்கும் வழக்கம் 1970-களில் அமெரிக்காவில் பரவியது. ரீட்டா டன், கென்னத் டன் என்ற தம்பதி இதற்கென்றே கேள்வித்தாள் தயாரித்தார்கள். 1992-ல் நியூசிலாந்தின் நீல் ஃப்ளெமிங், பள்ளி ஆய்வாளராக இருந்தவர், இதோடு 'படித்தும் எழுதியும் கற்பவர்' என்ற வகையையும் சேர்த்து 'வார்க்' என்ற பட்டியலைக் கொண்டுவந்தார். பிறகு ஆளாளுக்கு ஒரு பட்டியல். 2004-ல் பிரிட்டனில் ஃப்ராங்க் காஃபீல்டும் உடன் பணியாற்றியவர்களும் எண்ணிப் பார்த்தபோது இப்படி 71 மாதிரிகள் இருந்தன! ஒரு பட்டியலில் 'கண்' என்று விழும் பிள்ளை இன்னொன்றில் வேறு ஏதாவதாக விழலாம்.

இதற்குச் சான்று இருக்கிறதா? 2008-ல் ஹரோல்ட் பாஷ்லர் முதலான நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் இதைத்தான் கேட்டார்கள். அவர்கள் வைத்த சோதனை எளிமையானது. 'காது' வகைப் பிள்ளைக்குக் காது வழியாகவும் 'கண்' வகைப் பிள்ளைக்குக் கண் வழியாகவும் பாடம் நடத்தினால், மாற்றி நடத்துவதை விட நன்றாகக் கற்க வேண்டும். அப்படிக் காட்டும் ஒழுங்கான ஆய்வுகள் போதுமான அளவுக்கு இல்லை என்பதுதான் அவர்களின் முடிவு. பிள்ளைகளுக்கு விருப்பம் உண்டு, அது உண்மை. படம் பிடிக்கும், கதை கேட்கப் பிடிக்கும். ஆனால் பிடித்த வழியில் சொன்னால் அதிகம் மண்டையில் ஏறும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இந்தியா வரைபடத்தை எந்தப் பிள்ளைக்கும் கண்ணால்தான் காட்ட வேண்டும். ராகத்தை எந்தப் பிள்ளைக்கும் காதால்தான் கொடுக்க வேண்டும். வழியைத் தீர்மானிப்பது பாடம்.

சரி, அப்படியானால் நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே பாடம், ஒரே வேகம் என்று விட்டுவிடலாமா? அதுவும் இல்லை. இங்கேதான் நம் ஊர்க் கதை வருகிறது.

என் அம்மா வழித் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மாகாணி, அரைக்கால், முக்கால் எல்லாம் போட்டு வட்டியை விரல் நுனியில் சொல்லுவார். நான் கால்குலேட்டரைத் தட்டி முடிப்பதற்குள் அவர் வெற்றிலை மடித்து முடித்திருப்பார். அந்தத் திண்ணையில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவே கிடையாது. விஜயதசமியன்று சேர்ந்த ஐந்து வயதுப் பையனும் பன்னிரண்டு வயதுப் பையனும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் மணலில் 'அ' எழுதுவான், ஒருவன் ஓலையில் எழுதுவான், இன்னொருவன் எண்சுவடி ஒப்பிப்பான். முடித்தவன் அடுத்ததற்குப் போவான். முடிக்காதவன் அங்கேயே இருப்பான். வாத்தியார் ஒருவர்தான். அவருக்குக் கை கொடுக்க, நன்றாகப் படிக்கும் பெரிய பையன் ஒருவன். அவன்தான் சட்டாம்பிள்ளை.

1787-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னையில் வந்து இறங்கினார். பாதிரியார். 1789-ல் எழும்பூரில், இறந்துபோன படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அநாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பாளர் ஆனார். அங்கே பிள்ளைகளுக்கு எழுத்தே ஏறவில்லை. ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது ஓர் உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்தார். அப்படியே திரும்பி வந்து தன் ஆசிரியரிடம், எழுத்து வகுப்புக்கு இதையே செய்யச் சொன்னார். ஆசிரியர் முடியாது என்றார். பெல் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை அவன் கையில் கொடுத்தார். சாதாரணச் சிப்பாய் ஒருவரின் மகன். பெரிய வாத்தியார் முடியாது என்றதை அந்தப் பொடியன் செய்து காட்டினான்.

அப்புறம் மற்ற வகுப்புகளும் ஒவ்வொன்றாக இப்படியே மாறின. பிள்ளைகளை வயதுப்படி பிரிக்காமல், எவ்வளவு தெரியும் என்பதை வைத்துப் பிரித்தார்கள். முன்னேறினால் மேலே, பின்தங்கினால் கீழே. உடல்நலம் சரியில்லாமல் பெல் 1796-ல் ஊர் திரும்பினார். மறு வருடமே இந்த அனுபவத்தை லண்டனில் புத்தகமாகப் போட்டார். அதற்குக் கிடைத்த பெயர் 'மெட்ராஸ் முறை'. 1811-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆதரவில் நேஷனல் சொசைட்டி தொடங்கி இந்த முறையில் பள்ளிகளைத் திறந்தது. பெல் 1832-ல் இறந்தபோது அத்தகைய பள்ளிகள் பத்தாயிரத்துக்கும் மேல் என்பார்கள். அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். நாம் மெட்ராஸைச் சென்னை ஆக்கிவிட்டோம். அவர்கள் மாற்றவில்லை :-)

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் 1798 முதல் பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரு தரப்புக்கும் பெரிய சண்டை. மணல் எங்கிருந்து வந்தது என்பதை பெல் மறைக்கவில்லை. ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை சொல்லித்தருவதைத் தன் கண்டுபிடிப்பு என்றே சொல்லிக்கொண்டார். 1823-ல் பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்ப்பெல், தன் மாவட்டப் பள்ளிகளைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தந்து, அதன் மூலம் தன் பாடத்தையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் இந்த ஊர் வழக்கம் பாராட்டத்தக்கது என்றும், இங்கிலாந்து இதைப் பின்பற்றியது சரியே என்றும் அதில் சொல்கிறார். எனக்கு அந்த வெள்ளைக்காரக் கலெக்டர் சாட்சி போதும்.

நிற்க. பழம்பெருமை பேச இதை எழுதவில்லை. அதே கேம்ப்பெல் அதே அறிக்கையில், பிள்ளைகள் பொருள் புரியாமல் மனப்பாடம் செய்கிறார்கள் என்றும் எழுதினார். அதுவும் உண்மைதான். பிரம்படி உண்டு. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் உண்டு. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் எடுக்கச் சொன்ன கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அதில் பெண்கள் 4,540 பேர்தான். பல சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் ஏற வழியே இல்லை. எல்லோருக்கும் கதவைத் திறந்து வைக்காத பள்ளி, உள்ளே இருந்தவர்களை மட்டும் அவரவர் வேகத்தில் நடத்தியது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்திலும் மெட்ராஸ் முறை நிலைக்கவில்லை. ஒரே வாத்தியார் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கலாம், செலவு குறைவு என்பதுதான் பலருக்கு அதில் பிடித்திருந்தது. பாடம் வெறும் பயிற்சி ஓட்டம் ஆனது. பிறகு வகுப்புக்கு ஓர் ஆசிரியர், ஆசிரியருக்கு ஒரு கரும்பலகை என்ற ஏற்பாடு வந்தது. நம் ஊருக்கும் அதுவே வந்தது. 1860-களில் சென்னை மாகாணத்தில் பள்ளிக்கு அரசு மானியம், பிள்ளைகள் தேர்வில் தேறும் எண்ணிக்கையைப் பொறுத்தது என்ற விதி வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், ஒவ்வொரு வகுப்புக்கும் இன்ன பாடம் என்று பரீட்சை வைப்பார், தலைக்கு இவ்வளவு என்று பணம். டார்கெட் வைத்தால் கிளையில் என்ன நடக்கும் என்று வங்கிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேறக்கூடிய பிள்ளை மீதுதான் கண் போகும். 'இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும்' என்ற கேள்வி போய், 'இந்த வகுப்புக்கு எவ்வளவு பாடம் முடிந்தது' என்ற கேள்வி வந்தது. நாம் எல்லோரும் படித்தது அந்தப் பள்ளியில்தான். 'போர்ஷன் முடிச்சாச்சா?' என்ற கேள்வி இன்றும் நம் வீட்டில் ஒலிக்கிறதே, அதன் வயது நூற்றைம்பதுக்கு மேல்.

அந்தப் பழைய கேள்வி திரும்பி வந்த இடம் ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷி வேலி. அங்கே 1980-களின் கடைசியில் பத்மநாப ராவ், ராமா என்ற தம்பதி, ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் பார்க்கும் கிராமப் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். பாடப் புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதைச் சுவரில் ஓர் ஏணியாக வரைந்து மாட்டினார்கள். பிள்ளை தானே வந்து, தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, தன் அட்டையை எடுத்துக்கொள்ளும். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் புரிய அட்டைகளில் விலங்குப் படம்.

2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் இதை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். அடுத்து மாநகராட்சியின் 264 பள்ளிகள். 2007-08-ல் தமிழ்நாடு முழுவதும் சுமார் 37,000 தொடக்கப் பள்ளிகள். 'செயல்வழிக் கற்றல்' என்று பெயர். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றித் தாழ்வான கரும்பலகை வந்தது. இப்போதுதான் ஆரம்பிக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் முழுதாக உதவுவார். கொஞ்சம் தேறியவனுக்குப் பக்கத்துப் பிள்ளை உதவும். நன்கு தேறியவன் தானே செய்வான். பக்கத்துப் பிள்ளை உதவுவது என்றால் யார்? நம் பழைய சட்டாம்பிள்ளைதான், பிரம்பு இல்லாமல்! கதவும் இந்த முறை எல்லோருக்கும் திறந்திருந்தது.

குறைகளும் இருந்தன. 'பிள்ளைங்க விளையாடிட்டு வருதுங்க, வீட்டுப்பாடமே இல்ல' என்று பெற்றோர் புலம்பினார்கள். அட்டைகளை அடுக்கி, கிழிந்ததை மாற்றி, ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று குறித்து வைப்பது ஆசிரியருக்குச் சுமை. பிறகு 2012-ல் முப்பருவ முறை வந்து பாடப்புத்தகம் மறுபடி முன்னே வந்தது. 2022-ல், கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்ததற்குப் பிறகு, 'எண்ணும் எழுத்தும்' வந்தபோது அந்தப் பழைய எண்ணம் வேறு பெயரில் திரும்பியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். இந்தப் பெயர்களை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அரும்பு மொட்டாகும், மொட்டு மலராகும். 'கினஸ்தெடிக்' என்னவாகும்? அப்படியேதான் இருக்கும்.

கடைசியாக, நான் குடியிருக்கும் இந்த வதோதராவின் கதை. 2001 முதல் 2004 வரை இங்கேயும் மும்பையிலும் 'பிரதம்' அமைப்பு ஒரு வேலை செய்தது. மாநகராட்சிப் பள்ளிகளில் பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை இருபது இருபது பேராகத் தனியே உட்கார வைத்து, தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படைப் பாடம். நடத்தியவர்கள் அதே பகுதியில் பள்ளிப் படிப்பு முடித்த இளம் பெண்கள். 'பால்சகி' என்று பெயர், அதாவது பிள்ளைகளின் தோழி. எந்தப் பள்ளியில் எந்த வகுப்புக்கு பால்சகி என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பலன் இருந்ததா என்று அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் அளந்தார்கள். இருந்தது. அதுவும் கடைசியில் இருந்த பிள்ளைகளுக்குத்தான் அதிகம். (2019-ல் இருவருக்கும் மைக்கேல் கிரெமருடன் பொருளாதார நோபல் கிடைத்தது.) அந்தப் பெண்கள் யாரும் பிள்ளையின் 'டைப்' என்ன என்று கேள்வித்தாள் கொடுக்கவில்லை. இவனுக்கு எழுத்து தெரியுமா, வார்த்தை படிப்பானா என்று பார்த்தார்கள். தெரியாத இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

இதைப் படித்த அன்று எனக்கு என் தொழில் புத்திதான் வந்தது. எங்கள் வங்கியில் வாடிக்கையாளருக்கு ஒரு வகை உண்டு, பாஸ்புக்கில் ஓர் இருப்பும் உண்டு. வகையை வைத்து யாரும் செக் பாஸ் பண்ண மாட்டார்கள். இன்றைக்கு இருப்பு என்ன என்றுதான் பார்ப்போம். இருப்பு நாளைக்கு மாறும். பிள்ளை விஷயத்தில் மட்டும் நான் வகையை வாங்கிக்கொண்டு திருப்தியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையனை உட்கார வைத்து, பிரதம் ஆட்கள் செய்வது போல, முதலில் எழுத்து, பிறகு வார்த்தை, பிறகு ஒரு சின்னப் பத்தி என்று தமிழில் படிக்கச் சொன்னேன். திட்டவில்லை, திருத்தவில்லை, குறித்துக்கொண்டேன். எழுத்து எல்லாம் தெரிகிறது. தடுக்குவது இரண்டே இடத்தில். ஒன்று, 'கொ', 'கோ' மாதிரி எழுத்தின் இரண்டு பக்கமும் குறி வருவது. மற்றது, 'காகம்' என்று படிக்கும்போது முதல் 'க'வும் இரண்டாவது 'க'வும் ஏன் வேறு வேறு மாதிரி ஒலிக்கின்றன என்பது. பள்ளியில் இந்தியும் குஜராத்தியும் படிக்கிறவனுக்கு ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து பழக்கம். நம் எழுத்து அவனை ஏமாற்றுகிறது. அவ்வளவுதான் விஷயம்! இதற்கும் கைக்கும் காதுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு வருடமாக நான் முதல் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப 'அம்மா, ஆடு' நடத்திக்கொண்டிருந்தேன், அவனுக்குத் தெரிந்த பாடத்தை.

இப்போது பாடம் நடத்துவது நான் இல்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள். "ஏங்க, நீங்க நடத்தினா ரெண்டு பேருக்கும் பி.பி. ஏறுது, அவகிட்ட விடுங்க" என்று மனைவி போட்ட உத்தரவு. தட்டில் அரிசியைப் பரப்பி, இன்றைக்கு 'கொ' வரிசை மட்டும், நாளைக்கு 'சொ' வரிசை என்று அவளே திட்டம் போட்டிருக்கிறாள். அவளுக்கும் ஒன்றிரண்டு இடத்தில் சந்தேகம் வந்து என்னிடம் கேட்கிறாள். கேம்ப்பெல் சொன்ன அதே விஷயம். பையன் இன்னும் தடவித்தான் படிக்கிறான். ஆனால் போன வியாழக்கிழமை ஊரிலிருந்து என் அம்மா அனுப்பிய பொடி டப்பாவின் மேல் ஒட்டியிருந்த துண்டுச்சீட்டை, யாரும் சொல்லாமலே, எழுத்துக்கூட்டிப் படித்தான். 'கொத்தமல்லிப் பொடி'. கேட்டது நான் ஒருவன்தான். டக்கென்று அடுக்களைக்குப் போய் மனைவியைக் கூப்பிட்டேன்.

ஊரை விட்டு வந்த நம் வீடுகளில் பிள்ளை தமிழ் பேசும், படிக்கத் தெரியாது. 'அவனுக்கு இன்ட்ரஸ்ட் இல்லை', 'அவ டைப் வேற' என்று நாமும் ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிடுகிறோம். அதற்கு முன் ஒரே ஒரு பத்தியை எதிரே வைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே தடுக்குகிறது என்று மட்டும் பாருங்கள். வீட்டில் அக்கா, அண்ணன் இருந்தால் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள்.

ஆசிரியை கொடுத்த தாள் இன்னும் ஃபைலில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அதோடு நான் குறித்து வைத்த தாளையும் எடுத்துப்போகப் போகிறேன், சண்டை போட அல்ல. அவரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது: ஆங்கிலத்திலும் கணக்கிலும் இவன் எந்தப் படியில் நிற்கிறான் மேடம்?